தம் அண்டாவின் மேல் இரண்டு பிளேட்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் காதர் பாயின் சமையல் கொட்டகையில் நின்றவர்கள் எல்லோரும் பிரியாணி எப்போது இறங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒருத்தி மட்டும் அண்டாவின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூடியின் விளிம்பு முழுக்க மாவு பூசியிருந்தது. சுற்றிலும் தணல். நடுவில், மூடி எழும்பிவிடாமல் அமுக்கிக்கொண்டு இரண்டு இரும்புத் துண்டுகள் கிடந்தன. ஒவ்வொன்றும் இரண்டு விரற்கடை தடிமன். ஒவ்வொன்றின் ஓரத்திலும் லாடம் போல ஒரு வெட்டு. யாரோ புண்ணியவான் இரண்டுக்கும் மேலே கம்பியை வளைத்துக் கைப்பிடி வேறு வெல்டிங் வைத்திருந்தார்.

மாதக்கணக்காக நான் தேடிக்கொண்டிருந்த பிளேட்டுகள் அவைதான். ஊரெல்லாம் சுற்றி, பழைய இரும்புக் கடைகளில் புழுதியைக் கிளறி, கடைசியில் சீரகச் சம்பா வாசனைக்கு நடுவில் கண்டுபிடித்தேன்.

பிரியாணிக்கு வந்தவர்களுக்கு நடுவில் நான் இரும்பைப் பார்த்து எச்சில் விழுங்கினேன் என்று என் கணவர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். அவர் அப்போது அங்கே இல்லவே இல்லை. என்னோடு வந்த வேன்காரன் பாண்டி சொன்னதைக் கேட்டுக்கொண்டு, நேரில் பார்த்தவர் போலச் சொல்கிறார்.

பத்திரிகை அடிக்கிற பிரெஸ் இல்லை

போன வாரம் நூல் மில் மூடியதையும், அங்கே மெயின்டனன்ஸில் இருந்த நான் வத்தலக்குண்டு ரோட்டில் சொந்தப் பட்டறை போட்டதையும், ஒரு பிரெஸ் வாங்க ஆசைப்பட்டதையும் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு உறவுக்காரப் பெண் ஒருத்தி போன் செய்தாள். கல்யாணப் பத்திரிகை அடித்துத் தருவீர்களா சித்தி என்று கேட்டாள். மில்லில் இத்தனை வருடம் நான் என்ன வேலை பார்த்தேன் என்று குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இது ஹைட்ராலிக் பிரெஸ். இரண்டு பக்கமும் ஆள் உயர இரும்புத் தூண். நடுவில் ஒரு படுகை. மேலே ஒரு ஜாக்கி தலைகீழாகத் தொங்கும். பக்கத்தில் இருக்கும் கைப்பிடியை ஏற்றி இறக்கினால் அந்த ஜாக்கி மெதுவாகக் கீழே வந்து, லோடு லாரியை ஏற்றியது போல அமுக்கும். தண்டில் இறுகிப்போன பேரிங், புஷ், கியர் எல்லாவற்றையும் சுத்தியலால் அடித்துக் கொல்லாமல் மரியாதையாகக் கழற்றுவதற்கு இதுதான் வழி.

ஆனால் மேலே எத்தனை பலம் இருந்தாலும், கீழே தாங்கிப் பிடிக்க ஒன்று வேண்டுமே. படுகையின் நடுவில் பெரிய இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியின் மேல் இரண்டு தடித்த பிளேட்டுகளை வைத்து, அவற்றின் வெட்டுக்குள் தண்டை நுழைத்து, பேரிங்கை பிளேட்டின் மேல் உட்கார வைக்க வேண்டும். அப்போதுதான் தண்டு கீழே போகும், பேரிங் மேலே நிற்கும். பிளேட் இல்லாத பிரெஸ் பல் இல்லாத வாய்தான்.

என் பிரெஸ் பிளேட் இல்லாமல்தான் வந்து சேர்ந்தது. பட்டறை வாசலில் அதைப் பார்த்தவர்கள், திருஷ்டிக்கு வைத்திருக்கிறீர்களா அக்கா என்று கேட்க ஆரம்பித்தார்கள். வந்த அன்றைக்குப் பூசை போட்டு ஒரு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அதற்குப் பிறகு பல மாதங்கள் என் பிரெஸ் வேறு எதையும் நசுக்கவில்லை.

ஒருவருக்கு பிரெஸ், ஒருவருக்கு பிளேட்

அதை விற்றவர் பேகம்பூர் ஜமால் பாய். அவரும் அவருடைய தம்பியும் அப்பாவோடு சேர்ந்து பட்டறை நடத்தியவர்கள். பிறகு அண்ணன் தம்பிக்குள் ஒத்துப்போகவில்லை. எதனால் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பிரிவினை வந்தபோது அந்த அப்பா ஒரு காரியம் செய்தார். லேத் ஒருவனுக்கு, டிரில்லிங் மெஷின் ஒருவனுக்கு என்று பிரித்துக்கொண்டே வந்து, பிரெஸ்ஸை மூத்தவனுக்கும் பிளேட்டுகளை இளையவனுக்கும் கொடுத்துவிட்டார். ஜமாத்துப் பெரியவர்கள் எல்லாம் சுற்றி உட்கார்ந்து, சரிசமம் என்று தலையாட்டி, தேத்தண்ணி குடித்து எழுந்திருக்கிறார்கள்.

ஜமால் பாய் இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. தம்பி எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். எங்கேயோ இருக்கிறான் என்று சொல்லிவிட்டு மேற்கே பார்த்தார். அவர் பார்த்த திசையில் இரண்டு தெரு தள்ளித்தான் தம்பியின் பிரியாணிக் கடை இருந்தது என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

எனக்கு பிரெஸ் கிடைத்த சந்தோஷம். தடித்த இரும்பு இரண்டு துண்டு இந்தத் திண்டுக்கல்லில் கிடைக்காதா என்று நினைத்து, ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். கிடைக்கவில்லை.

முழு ஷீட்டாக எடுத்தால் கொடுப்பேன் என்றார் இரும்புக் கடைக்காரர். அந்த ஷீட்டை வைத்து நான் பட்டறைக்குக் கூரைதான் போட வேண்டும். கேஸ் கட்டிங் செய்கிற ஒருவர், இந்தா வெட்டித் தாரேன் என்று ஒவ்வொரு வாரமும் சொன்னார். அந்த 'இந்தா' வரவேயில்லை. கையில் கிடைத்த மெல்லிய பிளேட்டை நானே வெட்டி வைத்துப் பார்த்தேன். முதல் அமுக்கிலேயே அப்பளம் போல வளைந்தது.

காய்கறி மண்டியிலிருந்து வந்த கல்

என் கணவர் சுந்தரம் பழனிப் பக்கம் பாலசமுத்திரத்துக்காரர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டறையில் எனக்கு உதவி செய்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் அந்த நினைப்பைக் கெடுப்பதில்லை.

ஒரு நாள் அவர் ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக்குப் போனவர், பழைய எடைக்கற்களோடு திரும்பினார். மூட்டை நிறுக்கிற பெரிய கற்கள், தூக்குவதற்குக் கைப்பிடி வைத்தவை. எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகு அவற்றைச் சீந்துவார் இல்லை. உனக்குத்தான் தடித்த இரும்பு வேணுமே என்று பெருமையாக இறக்கி வைத்தார்.

அது வார்ப்பிரும்பு, பிரெஸ்ஸுக்கு ஆகாது, தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு நான் பேரிங் வாங்கக் கடைவீதிக்குப் போனேன். அவர் எனக்கு இன்ப அதிர்ச்சி தர முடிவு செய்தார்.

நான் திரும்பி வந்தபோது, அவர் பிரெஸ்ஸில் வைத்து அமுக்கிப் பார்த்த கல் ஒன்று இரண்டாகப் பிளந்து கிடந்தது. அதிலிருந்து தெறித்த சில்லு ஒன்று சுவரில் தொங்கிய காலண்டரைக் கிழித்துக்கொண்டு உள்ளே புதைந்திருந்தது. மனிதர் நின்ற இடத்துக்கும் அதற்கும் ஒரு முழம்தான் இடைவெளி.

சாதாரண இரும்பு அமுக்கினால் வளையும், எச்சரிக்கும். வார்ப்பிரும்பு கடலை மிட்டாய் மாதிரி. சொல்லாமல் கொள்ளாமல் உடையும். மில்லில் இதைப் பார்த்திருக்கிறேன். அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, ரத்தம் இல்லை என்று தெரிந்த பிறகு நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

என் கணவர் தப்பு செய்த அன்றைக்கு மட்டும் என்னை 'ங்க' போட்டுப் பேசுவார். அன்றைக்குப் பூராவும் போட்டார். உடைந்தது போக மிச்சக் கற்களைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

பாண்டியின் லைன்

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

காலையில் பாண்டியின் வண்டி ஊளையிட்டுக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நின்றது. பாண்டி நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை ஏற்றி வருகிற வேன்காரன். நல்லவன், கொஞ்சம் பயந்தவன். பூவை இறக்கிவிட்டுத் திரும்புகிற வழியில் பின்சக்கரத்தில் சத்தம் தாங்கவில்லை என்றான்.

கழற்றிப் பார்த்தேன். ஆக்சில் தண்டில் இருந்த பேரிங் செத்துப்போயிருந்தது. முன்பு யாரோ சுத்தியலால் அடித்து ஏற்றியதன் பலன். இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் சக்கரம் வண்டியைவிட்டுத் தனியாகப் போயிருக்கும்.

மறுநாள் திங்கட்கிழமை, பெரிய முகூர்த்தம். நிலக்கோட்டைப் பூக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டியில் கூடை ஏற்றிப் பழகினார்களோ அதைச் சுலபத்தில் மாற்ற மாட்டார்கள். சாதாரண நாளில் வண்டி வராவிட்டால் திட்டிவிட்டு மன்னிப்பார்கள். முகூர்த்தத்துக்கு வராவிட்டால் கூடை வேறு வண்டிக்குப் போய்விடும். போன கூடை திரும்பி வராது. பாண்டிக்குப் போட்டியாக முருகேசன் என்று ஒருவன் அதே ரோட்டில் வண்டி விட்டிருந்தான். முகூர்த்தம் என்பதால் வாடகைக்கு வேறு வண்டியும் கிடைக்காது.

"எனக்கு இந்த லைனைத் தவிர வேற ஒண்ணுமில்லக்கா" என்றான் பாண்டி.

என் வாய் சும்மா இருக்குமா. நாளைக்கு விடியும்போது உன் வண்டி நிலக்கோட்டையில் நிற்கும் என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். சொல்லி முடித்த பிறகுதான் பிரெஸ்ஸைத் திரும்பிப் பார்த்தேன்.

புது பேரிங் என் அலமாரியில் இருந்தது. பிரெஸ் இருந்தது. பிளேட் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடைவீதியில் லேத் பட்டறைகள் ஷட்டரை இறக்கியிருந்தன. தெரிந்தவர்களுக்கு போன் போட்டேன். ஒருவர் மதுரையில் கல்யாண வீட்டில் இருந்தார். ஒருவர் எடுக்கவே இல்லை. சுத்தியலால் அடித்து இறக்கிவிடலாமா என்று பாண்டி கேட்டான். அடித்ததால்தான் இந்தக் கதி என்று அவன் மேல் பாய்ந்தேன்.

அப்படி என்ன இல்லாமல்தான் தவிக்கிறீர்கள் என்று பயந்துகொண்டே கேட்டான். சாக்பீஸால் தரையில் வரைந்து காட்டினேன். தடித்த சதுரம், ஓரத்தில் லாட வெட்டு, அதைப் போலவே இன்னொன்று.

பாண்டி குனிந்து அதையே பார்த்தான். தலையைச் சாய்த்து மறுபடியும் பார்த்தான்.

"இது ரெண்டையும் நான் தெனமும் பாக்கேன்க்கா. நான் சாப்புடுற கடையில பிரியாணி அண்டா மேல இருக்கு."

தம் உடைக்கும் வரை

காதர் பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். கட்டம் போட்ட கைலி, தோளில் துண்டு. முன்கையில் வெல்டிங் பொறி சுட்ட பழைய வடுக்கள். இவர் பிறவிச் சமையல்காரர் இல்லை என்று அந்த வடுக்களே சொல்லிவிட்டன. ஜமால் பாயின் தம்பியா நீங்கள் என்று கேட்டேன். கரண்டி அப்படியே நின்றது. அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டு இங்கே யாரும் வருவதில்லை என்றார்.

நான் பக்குவமாகப் பேசியிருக்க வேண்டும். எனக்குப் பக்குவம் வராது. மிஷின் சாமானைப் போய் சோற்று அண்டா மேல் வைத்திருக்கிறீர்களே, அதில் கைப்பிடி வேறா என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சிவந்தது. இது என் அத்தா எனக்குக் கொடுத்த பங்கு, அதை எங்கே வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்றார். தம் உடைக்கிற வரைக்கும் அண்டா பக்கமே வரக் கூடாது என்று கையால் தள்ளி நிற்கச் சொன்னார்.

நின்றோம். என் ஆயுளில் அத்தனை பொறுமையாக நான் வேறு எதற்கும் நின்றதில்லை.

நேரம் ஆனதும் தணலை வழித்து எடுத்தார். கோணிச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு, அந்தக் கைப்பிடிகளைப் பிடித்து, என் பிளேட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மணலில் வைத்தார். மணல் சுருசுருவென்றது. மூடியைத் திறந்ததும் எழுந்த ஆவியில் கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார்கள். நான் மணலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சண்டைக்கு வந்தவர்களையும் சாப்பிடாமல் அனுப்பாத மனிதர் அவர். எங்களுக்கும் இலை போட்டார். கோபத்தோடு சாப்பிட்டாலும் ருசி ருசிதான், நான் இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டேன். பாண்டி மட்டும் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

காதர் பாய் என்னை விட்டுவிட்டு அவனைக் கவனிக்க ஆரம்பித்தார். தினமும் வந்து வழித்துச் சாப்பிடுகிறவன், இன்றைக்கு என்ன என்று கேட்டார்.

"நாளைக்கு என் வண்டி போகலைன்னா கூடை மாறிரும் பாய். அப்புறம் வெறும் வண்டியத்தான் ஓட்டணும்."

அவன் அழவில்லை, கெஞ்சவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். காதர் பாய் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு என்னிடம்தான் பேசினார்.

"எங்கத்தா யோசிச்சுத்தான் பிரிச்சாரு தங்கச்சி. பிரெஸ் அவன்ட்ட இருந்தா, பிளேட்டு என்ட்ட இருந்தா, ஒருத்தன் வாசலுக்கு ஒருத்தன் போயித்தான ஆகணும்னு நெனச்சாரு. அவன் வருவான்னு நான் இருந்தேன். நான் வருவேன்னு அவன் இருந்திருப்பான்."

அந்த அப்பாவை முட்டாள் என்று நினைத்துச் சிரித்தவள் நான். அந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அவருக்காக வருத்தப்பட்டேன்.

கல்லுக்கு வந்த வாழ்வு

மனம் இளகினாலும் அவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. அடுத்த அண்டா சாயங்காலத்துக்கு ஏறப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை வியாபாரம். பிளேட்டைக் கொடுத்துவிட்டு மூடியின் மேல் எதை வைப்பது, செங்கல்லையா என்று கேட்டார். வெயிட் சரியாக உட்காராவிட்டால் தம் நிற்காது, அரிசி விறைத்துக்கொள்ளும் என்றார்.

எனக்குத் தண்ணீர்த் தொட்டி ஞாபகம் வந்தது. உடனே என் கணவருக்கு போன் போட்டேன்.

அவர் மொபெட்டின் முன்னால் கற்களை வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலம் போல மெதுவாக வந்து இறங்கினார். கனமான இரும்பு, அடி மட்டமானது, தூக்கக் கைப்பிடியும் அதிலேயே இருக்கிறது. மூடியின் மேல் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு வார்ப்பிரும்பை மிஞ்ச ஆள் கிடையாது.

காதர் பாய் அடுத்த அண்டாவுக்குத் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தார். அதன் மேல் மூடியைப் போட்டு, கற்களை ஏற்றி, விளிம்பைச் சுற்றிலும் குனிந்து பார்த்தார். ஆவி எங்கும் கசியவில்லை. கல்லை இரண்டு தட்டு தட்டினார். நல்லா உக்காருது என்றார்.

என் கணவர் என் பக்கம் திரும்பினார். அன்றைக்கு அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. இருந்தாலும் 'ங்க' போட்டார்.

"ஏனுங்க, நான் வாங்கின கல்லு இப்பத்தான் உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதுங்களா?"

பட்டறைக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றேன்.

கைப்பிடியைப் பற்றி காதர் பாயிடம் சொல்வதற்குத்தான் எனக்கு நாக்கு வரவில்லை. பிளேட் என்றால் இரண்டு முகமும் மட்டமாக இருக்க வேண்டும். கைப்பிடி மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் வேலை நடக்காது. வெட்டினால் அவை மறுபடியும் அண்டாவுக்கு ஆகாது. தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் மணலில் கிடந்த பிளேட்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான் பத்த வச்சது. நானே வெட்டுறேன்."

கல்லாவில் மனைவியை உட்காரச் சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு எங்களோடு கிளம்பிவிட்டார்.

சத்தம்

பட்டறைக்குள் வந்தவர் முதலில் பிரெஸ்ஸைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தூணைத் தொட்டார். எண்ணெய் மாற்றினீர்களா என்று கேட்டார். மாற்றியிருந்தேன். சரி என்று தலையாட்டிவிட்டு கிரைண்டரைக் கேட்டு வாங்கினார்.

கைப்பிடிகள் விழுந்தன. வெல்டிங் இருந்த மேட்டை அவர் தேய்த்துக் கொடுக்க, நான் ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் மட்டம் பார்த்தேன். ஒரு மயிரிழை வெளிச்சம் தெரிந்தால்கூட மறுபடியும் தேய்க்கச் சொன்னேன். அவர் முணுமுணுக்கவில்லை. வருடக்கணக்கான நெய்யையும் மசாலாவையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தோம். வாசனை போகவில்லை.

படுகையின் மேல் இரண்டு பிளேட்டும் உட்கார்ந்தன. எதிரெதிராக நகர்த்தியதும் இரண்டு வெட்டுகளும் சேர்ந்து தண்டைச் சுற்றி வளைத்துக்கொண்டன. நான் கைப்பிடியை ஏற்றி இறக்க ஆரம்பித்தேன்.

ஜாக்கி கீழே வந்து தண்டின் தலையைத் தொட்டது. மீட்டர் முள் ஏறியது. பேரிங் அசையவில்லை. இன்னும் அமுக்கினேன். முள் இன்னும் ஏறியது. பிரெஸ்ஸின் தூணில் கிர்ரென்று ஒரு முனகல் கேட்டது. காலண்டரில் புதைந்த சில்லு என் கண் முன்னால் வந்துவிட்டது. எல்லோரையும் கதவுக்கு வெளியே போகச் சொன்னேன். பாண்டியும் என் கணவரும் போனார்கள்.

காதர் பாய் போகவில்லை. இரண்டு பிளேட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு பக்கவாட்டில் நின்றார்.

"நிறுத்தாதீங்க தங்கச்சி. இது எங்கத்தா வாங்கிப் போட்ட இரும்பு. தாங்கும்."

உடம்பு எடை முழுவதையும் கைப்பிடியின் மேல் போட்டேன்.

டமாரென்று ஒரு சத்தம். வெடி போட்டது போலத் தகரக் கூரை அதிர்ந்தது. எதிர்க்கடைக்காரர் மறுபடியும் எட்டிப் பார்த்தார். தண்டு நழுவிக் கீழே சாக்கின் மேல் விழுந்தது. பேரிங் பிளேட்டின் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தது. பிளேட்டுகள் இம்மியும் வளையவில்லை.

நான் கத்தினேன். பட்டறையில் சத்தம் போடக் கூடாது என்று எல்லோரையும் விரட்டுகிற நான்தான் அப்படிக் கத்தினேன். என் கணவர் உள்ளே ஓடி வந்து எனக்கு அடிபட்டுவிட்டதா என்று பார்த்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். காதர் பாயும் சிரித்துக்கொண்டிருந்தார். பாண்டி பேரிங்கைக் கையில் எடுத்து மோந்து பார்த்தான். பிரியாணி வாசனை அடிக்கிறது என்றான்.

புது பேரிங் ஏறியது ஒரு வேலையே இல்லை. வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கி, உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தது. பொழுது சாய்வதற்குள் ஆக்சில் வண்டிக்குள் போய்விட்டது.

பிளேட்டுக்கு என்ன தர வேண்டும் என்று கேட்டேன். கல் கொடுத்துவிட்டீர்களே, அது போதும் என்றார் காதர் பாய். இது இனிமேல் பிரெஸ்ஸோடேயே இருக்கட்டும் என்றார். கையைக் கழுவிக்கொண்டு, அண்ணனிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சரி என்றேன். வாசல் வரைக்கும் போனவர் நின்றார்.

"சொன்னாலும் ஒண்ணும் தப்பில்ல" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

கூடை

மறுநாள் விடிகாலையில் நானும் பாண்டியோடு வண்டியில் ஏறிக்கொண்டேன். பேரிங் சத்தம் கேட்கத்தான் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் நான் சொன்ன சொல் பலிப்பதைக் கண்ணால் பார்க்க ஆசை. வழி நெடுகப் பின்சக்கரத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு வந்தேன். டயர் ரோட்டில் உருளுகிற சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் பூ ஏற்றுகிற இடத்தில் முருகேசனின் வண்டி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. பாண்டியின் வண்டி படுத்துவிட்டது என்ற செய்தி எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தது. பாண்டிக்கு ஏற்றுகிறவர்களின் கூடைகள் பாதிக்கு மேல் அந்த வண்டிக்குள் போய்விட்டன. ஈரச் சாக்கு போட்டு மூடிய மல்லிகை வாசனை ரோடு வரைக்கும் வந்தது.

பாண்டி இன்ஜினை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டான். இறங்குடா என்று நான் அதட்டிய பிறகுதான் இறங்கினான்.

பவுனுத்தாய் என்ற பெரிய பூக்காரி எங்கள் வண்டியைச் சுற்றி வந்தார். பின்சக்கரத்தைக் காலால் ஒரு தட்டு தட்டினார்.

"வண்டி வராதுன்னாகளே அப்பு."

"வந்துட்டேன்ல அத்தே" என்றான் பாண்டி.

அந்த அம்மா நேராக முருகேசனின் வண்டிக்குப் போய், உள்ளே இருந்த தன் கூடையை இழுத்து, தலையில் வைத்துக்கொண்டு வந்து பாண்டியின் வண்டியில் ஏற்றினார். அதைப் பார்த்து இன்னொருத்தி தன் கூடையை இறக்கினாள். பிறகு இரண்டு ஆண்கள். பிறகு எல்லோரும். பாண்டி ஓடி ஓடி வாங்கி அடுக்கினான்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மில் கேட்டை மூடிய அன்றைக்குக்கூட நான் அழவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எண்ணெய் கசிகிறதா என்று பார்ப்பதுபோலச் சக்கரத்தின் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்துகொண்டேன்.

முருகேசன் சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். வரத்தான் செய்தான். பக்கத்தில் வந்து குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான். யார் காதிலும் விழாமல் மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, என் வண்டியிலயும் பின்னாடி ஒரு சத்தம் வருது. செத்த கேட்டுச் சொல்றீங்களா?"

வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தச் சொல்லிக் கேட்டேன். அதே ஊளை, ஆரம்ப நிலையில். நான் எழுந்து நின்று, அவன் கேட்டது போல மெதுவாக இல்லாமல், அங்கே கூடை ஏற்றிக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொன்னேன்.

"பேரிங்தான். சாயங்காலம் கொண்டு வா. நம்ம பட்டறையில பிரெஸ் இருக்கு."

பிரெஸ் வாங்கி அத்தனை மாதம் ஆகியும், அதை வெளியே ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.